தணிக்கையாளர் வேண்டும், மாணவருக்குக் காடு வேண்டாமா?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஆகஸ்ட் 29 அன்று அறிவித்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள் பற்றி இவ்விதழின் நிலைப்பாடு என்ன என்று துறைத்தலைவர்கள் கேட்கிறார்கள். ஆலோசனை நிறுவனங்களில் பணிபுரியும் நம் பழைய மாணவர்களும் கேட்கிறார்கள். விதிகளை வரவேற்கிறோம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (இஐஏ) அறிவிக்கையின்படி ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் திட்டதாரர் தாமே எழுதித் தாமே அனுப்பும் இணக்க அறிக்கைகளை நேரில் போய்ச் சரிபார்க்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிலும் அமைச்சகத்தின் வட்டார அலுவலகங்களிலும் ஆள் போதாது என்பது நமக்குத் தெரிந்ததே. பதிவு பெற்ற தணிக்கையாளரைத் திட்டதாரர் தம் விருப்பப்படி பொறுக்கி எடுக்க முடியாமல், குலுக்கல் போன்ற முறையில் ஒதுக்குவதும் நல்ல ஏற்பாடு. இஐஏ ஆலோசகர் விஷயத்தில் இதைச் செய்திருந்தால் பல கேடுகள் தவிர்ந்திருக்கும்.

சான்று பெற இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள்: முன் அனுபவத்தை அங்கீகரிப்பது, தேசியச் சான்றிதழ்த் தேர்வு எழுதுவது. கழிவுநீர், புகைபோக்கி, அபாயக் கழிவு ஆகியவற்றுக்கு இது போதும். அங்கே கருவி உண்டு, ஆய்வகம் உண்டு, வரம்பு எண் உண்டு. கட்டணம், பதிவுக் காலம், ஒழுங்கு நடவடிக்கை முதலியவை போகப் போகச் சீராகும்.

நம் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. வனநில மாற்றத்துக்கு விதித்த நிபந்தனைகள், ஈடுசெய் காடு வளர்ப்பு, வாழிட மீட்டெடுப்பு ஆகியவற்றைத் தணிக்கை செய்யப் போகிறவருக்குக் கண் பழகியிருக்க வேண்டும். நீலகிரியில் அந்நியச் சீகை (வாட்டில்) மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்டதாகச் சொல்லும் ஒரு சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சரிவு முழுக்கப் பசுமை. ட்ரோன் படத்திலும் பசுமைதான். மண்டியிட்டுப் பார்த்தால்தான் அது நம் நாட்டுப் புல்லான தெமேடாவா, கிரைசோபோகானா, அல்லது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பாய்போலப் படர்ந்துவிட்ட கிக்கூயுவா என்று தெரியும். கதிர் இருந்தால் சிறுகதிரையும் அதன் முறுக்கிய மீசையையும் லென்ஸில் பார்த்துச் சொல்லிவிடலாம். கதிர் இல்லாத காலத்தில் தேர்ந்தவருக்கே தடுமாற்றம் வரும். முதல் இரண்டில் ஒன்று என்றால் நிபந்தனை நிறைவேறியிருக்கிறது. மூன்றாவது என்றால் ஒரு அந்நியச் செடியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்திருக்கிறார்கள். இதை நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தேர்வு எப்படி அளக்கும்?

சான்றும் அறிவும் ஒன்றல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய உதாரணங்கள் இருக்கின்றன. ரத்னகிரி பாக்சைட் சுரங்கத்தின் இஐஏ அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கைப் பகுதிகள் அப்படியே இருந்தது ஊரறிந்த செய்தி. மறுபக்கம், தேனி நியூட்ரினோ திட்டத்தின் சூழல் அனுமதியைத் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நிறுத்திவைத்தபோது, ஆய்வு செய்த ஆனைகட்டி சலீம் அலி மையத்துக்கு இஐஏ ஆலோசகருக்கான அங்கீகாரம் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருந்தது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். சட்டப்படி தீர்ப்பாயம் சொன்னதும் சரி. ஆனால் காட்டை அறிந்தவர்களுக்கும் சான்று வைத்திருப்பவர்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் விழுந்துவிட்டது என்பதை அந்த வழக்கு காட்டியது.

அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டியவை பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, உதகை அரசு கலைக் கல்லூரியின் வனவிலங்கு உயிரியல் துறை, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, புதுவைப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை என்று நம்மிடம் இடங்கள் இருக்கின்றன. திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தில் கே.எம். மாத்யூ ஒரு கல்லூரி வளாகத்தில் இருந்துகொண்டே தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதியின் தாவரத் தொகுதியை எழுதி முடித்தார். மாணவர்களோடு காடு மேடாக அலைந்து தாள் தாளாகச் சேகரித்ததன் பலன் அது. இன்று ஒரு துறைத்தலைவர் அப்படி ஒரு வேலையைத் தொடங்க நினைத்தால் முதலில் போய் நிற்க வேண்டியது அனுமதிக் கோப்பின் முன்னால்தான்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 28ஐ எடுத்துப் படியுங்கள். சரணாலயத்துக்குள் போக அனுமதி தரக்கூடிய நோக்கங்களில் வன உயிரினங்களைப் பற்றிய ஆய்வும் படிப்பும் முதலில் வருகின்றன. சுற்றுலா அதற்குப் பின்னால்தான் வருகிறது. நடப்பில் வரிசை தலைகீழாக இருக்கிறது. 2018 குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்தைக் கட்டுப்படுத்தினார்கள், அது நியாயம். பிறகு 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் பணம் கட்டி முன்பதிவு செய்யும் வசதியையும் வழிகாட்டிகளையும் கொடுத்தது. அதுவும் நல்லதே. ஆனால் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஐந்து குவாட்ராட் (மாதிரிச் சதுரம்) போடுவதற்கு முன்மொழிவு, துறைத்தலைவர் கடிதம், மாவட்ட வன அலுவலரின் கருத்துரை, கள இயக்குநரின் குறிப்பு, பிறகு தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் என்று கோப்பு போன வழியே காத்திருக்கிறாள். சுற்றுலாப் பயணிக்குத் தேதி குறித்துத் தரத் தெரிந்த துறைக்கு மாணவருக்கு ஒரு கெடு தேதி வைக்கத் தெரியாதா?

நம் படிப்புக்குப் பருவம் உண்டு. தவளைக்கு மழை வேண்டும், புல்லுக்குக் கதிர் வேண்டும். ஜூலையில் கேட்ட அனுமதி பிப்ரவரியில் வந்தால் புல் காய்ந்திருக்கும், தீப்பருவம் என்று காட்டையும் மூடியிருப்பார்கள். அனுமதி கேட்ட மாணவர் பழைய தரவுகளை வைத்து மேசையிலேயே ஆய்வேட்டை முடிக்கிறார். பட்டம் வந்துவிடுகிறது. நாளை இதே மாணவர்தான் தணிக்கையாளர் பதிவுக்கு விண்ணப்பிப்பார். அப்போது ‘களத் தகுதி போதவில்லை’ என்று குறைசொல்லும் அதிகாரிகள், அவரைக் களத்துக்கு விடாதது யார் என்பதையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு, யானை, புலி என்ற காரணங்களை நாங்கள் மறுக்கவில்லை. வனக்காவலரையோ வேட்டைத் தடுப்புக் காவலரையோ உடன் அனுப்பச் செலவாகும் என்றால் கட்டணம் கேளுங்கள். விண்ணப்பத்துக்கு ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லாமல் வைத்திருப்பது எந்தப் பாதுகாப்பிலும் சேராது.

அமைச்சகத்திடம் கேட்பது: உயிர்ப்பன்மை சார்ந்த தணிக்கைக்கான சான்றில் களத்தில் நடத்தும் செய்முறைத் தேர்வு கட்டாயமாக வேண்டும். மாநில வனத்துறையிடம் கேட்பது: பட்டப்படிப்புக் களப்பணி விண்ணப்பங்களுக்கு 30 நாளில் பதில், மறுத்தால் எழுத்தில் காரணம்.

துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடந்த கல்வியாண்டில் நீங்கள் களப்பணி அனுமதிக்கு விண்ணப்பித்த நாள், பதில் வந்த நாள், வராமலே போனவை ஆகியவற்றை மாணவர் பெயர் இல்லாமல் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அட்டவணையாக்கி அடுத்த இதழில் வெளியிடுகிறோம். அதன் படியைத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அனுப்பிவைப்போம்.