52 விநாடிக்குப் பிறகு: ஆனைகட்டிப் பிரகடனம்

கொடுங்கரைப் பள்ளம் என்ற ஓடைக்கு இந்தக் கரை கேரளம், அந்தக் கரை தமிழ்நாடு. இரண்டு கரையிலும் ஊர்ப் பெயர் ஆனைகட்டிதான். இருளர் பேச்சும் தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் இந்த ஊரில், ஓடுகிறவர்களும் கபடி ஆடுகிறவர்களும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களும், போட்டிக்குப் போன பிள்ளை கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும்வரை ரோட்டோரம் காத்து நிற்கும் தாய்மார்களும் சேர்ந்து இன்று ஓர் இயக்கத்தைத் தொடங்குகிறோம். நாள் ஆகஸ்ட் 11. ஏன் இந்த நாள் என்பதைப் பிறகு சொல்கிறோம். இது எங்கே தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தடகளப் போட்டி. எங்கள் பெண் ஒருத்தி, பதினைந்து வயது, 3000 மீட்டரை வெறுங்காலோடு ஓடினாள். ஏழரைச் சுற்று. உச்சி வெயிலில் சிந்தெடிக் ட்ராக் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. ஐந்தாவது சுற்றில் இடது குதிகால் தோல் உரிந்தது. மூன்றாவதாக வந்தாள். பரிசளிப்பு முடிந்து தேசிய கீதம் ஒலித்தபோது அந்தக் காலை முழுதாக ஊன்ற முடியாமல் விரல் நுனியை மட்டும் தரையில் வைத்து நின்றாள். கீதம் முடிந்ததும் மேடையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். "தேசிய கீதத்துக்கு நேரா நிக்கத் தெரியாதா? எந்த ஸ்கூல் நீ?" அவள் வாய் திறக்காமல் குதிகாலைக் கீழே வைத்தாள். காலை எடுத்தபோது, சிவப்பு ட்ராக் என்பதால் ரத்தம் தனியாகத் தெரியவில்லை, ஈரம் மட்டும் தெரிந்தது. அதற்குள் அவர் போய்விட்டார்.

திரும்பி வரும்போது, பஸ் சுரம் ஏறிக்கொண்டிருக்கையில் கேட்டாள்: "அக்கா, நான் தப்பா நின்னுட்டேனா?"

இல்லை கண்ணு. நீ தப்பாக நிற்கவில்லை. இதைச் சொல்ல எங்களுக்கு இத்தனை நாள் ஆனதற்காக வெட்கப்படுகிறோம்.

அந்த பஸ் முக்காலி வழியாகத்தான் வரும். 2018 பிப்ரவரி 22 அன்று, அரிசி திருடினான் என்று சொல்லி மது என்ற ஆதிவாசி இளைஞனைக் கையைக் கட்டி அடித்துக் கொன்றது அங்கேதான். அடித்தவர்கள் அவனோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. எங்கள் அட்டப்பாடிப் பிள்ளை ஒன்று நாளைக்குப் பதக்கம் வாங்கி, கீதம் ஒலிக்கும்போது மதுவை நினைத்துத் தலைகுனிந்து நின்றால் அதை தேசத்துரோகம் என்று சொல்ல எங்களால் முடியாது. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பதற்காகவே கூடியிருக்கிறோம்.

எங்களுக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். அதை ஒளிக்காமல் சொல்கிறோம். 52 விநாடிதான், ஆனால் வெளியூர் மைதானத்தில் அது எழும்பும்போது தொண்டை அடைக்காதவர் எங்களில் யாரும் இல்லை. எங்கள் மாவட்டத்து முண்டூரில் கூலி வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்த பி.யு. சித்ரா, 2017 ஜூலையில் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டர் தங்கம் வாங்கியபோது பாலக்காடு முழுக்க அழுதது. அதே மாதம் லண்டன் உலகப் போட்டிக்கான பட்டியல் வந்தது; அதில் அவர் பெயர் இல்லை. சித்ரா கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. காலம் கடந்துவிட்டது என்று சர்வதேச அமைப்பு கைவிரித்தது. நாட்டுக்காக ஓடிய காலும், நாட்டின் தடகளச் சம்மேளனத்தைக் கேள்வி கேட்க நீதிமன்றப் படி ஏறிய காலும் ஒன்றுதான். முதலாவதற்குக் கைதட்டியவர்கள் இரண்டாவதற்கும் தட்டியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11 பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டயம் பக்கம் பிஜோ, பினு, பிந்து என்று மூன்று பிள்ளைகள். யெகோவா சாட்சிகள் குடும்பம். காலை அசெம்பிளியில் எல்லோரோடும் எழுந்து மரியாதையாக நிற்பார்கள், பாட மாட்டார்கள். அவர்கள் நம்பிக்கை அது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைச் சபையில் கிளப்பினார். விசாரிக்கப் போட்ட குழு, பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அறிக்கை கொடுத்தது. ஆனாலும் 1985 ஜூலையில் பள்ளியை விட்டு நீக்கினார்கள். உயர்நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, எழுந்து நின்று மௌனமாக இருப்பது அவமதிப்பு ஆகாது என்றது அந்தத் தீர்ப்பு. கேரளத்து மூன்று பிள்ளைகள் நாடு முழுவதுக்கும் வாங்கிக் கொடுத்த மௌனம் அது. அதன் மேல் நின்றுதான் பேசுகிறோம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, பட்டாளத்தில் இருக்கும் பையனுக்கு இதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்காதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2016-ல் அமெரிக்க ஃபுட்பால் வீரர் காலின் கேப்பர்னிக், கறுப்பர்கள் போலீஸ் கையில் சாவதைக் கண்டித்துக் கீதத்தின்போது முதலில் உட்கார்ந்துதான் இருந்தார். நேட் பாயர் என்ற முன்னாள் ராணுவ வீரர் அவரைச் சந்தித்துப் பேசினார். இறந்த தோழனின் கல்லறைமுன் சிப்பாய்கள் மண்டியிடுவார்கள், நீயும் மண்டியிடு என்று சொன்னவர் அவர்தான். எதிர்ப்புக்கு அந்த வடிவம் ஒரு சிப்பாயிடமிருந்து வந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்பர்களின் வறுமையைக் காட்ட ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு மேடை ஏறினார்கள். எங்கள் பெண்ணுக்குக் கழற்ற ஷூவே இல்லை.

நம் நாட்டிலும் 2023 மே 28 அன்று மல்யுத்த வீரர்கள் வினேஷ் போகட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் தேசியக் கொடியைப் பிடித்துக்கொண்டு புதிய நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தபோது போலீஸ் அவர்களைத் தெருவில் மடக்கி வண்டியில் ஏற்றியது. பாலியல் புகாருக்கு ஆளான தங்கள் சம்மேளனத் தலைவரைக் கைது செய்யுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. இரண்டு நாள் கழித்துப் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வார் போனார்கள். தன் பதக்கத்தை ஆற்றில் போடும் அளவுக்கு ஒரு விளையாட்டுக்காரரின் மனசு எப்படி உடைந்திருக்கும் என்பது பதக்கம் வாங்கி வளர்ந்த எங்களுக்குத் தெரியும்.

இந்த இயக்கத்துக்கு முன்னோடியாக ஒருவரை வரித்துக்கொள்கிறோம்: ஜெய்பால் சிங் முண்டா. இன்றைய ஜார்க்கண்டில் பிறந்த ஆதிவாசி. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் கேப்டன்; நம் முதல் ஹாக்கித் தங்கம் அந்த அணி வாங்கியதுதான். அவர் 1946 டிசம்பர் 19 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, காட்டுவாசி என்ற பெயரைத் தலைநிமிர்ந்து ஏற்றுக்கொண்டார். ஆதிவாசிகளுக்கு ஜனநாயகத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவர்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஆறாயிரம் ஆண்டு அவமதிப்பைக் கணக்குக் கேட்டார். அதே பேச்சில், இனிப் புது அத்தியாயம் தொடங்கும் என்ற உங்கள் சொல்லை நம்புகிறேன் என்றும் சொன்னார். கணக்கையும் கேட்டு நம்பிக்கையையும் வைத்த அந்தப் பேச்சை நாட்டுப்பற்று என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

ஆகவே அறிவிக்கிறோம். கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்கும் முறையை நாங்கள் மதிக்கிறோம். அடுத்தவர் பாடுவதைத் தடுக்கவோ குலைக்கவோ மாட்டோம். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது அதைத்தான், அது சரியென்றே நினைக்கிறோம். பாடுகிறவர் பாடட்டும். மௌனமாக நிற்கிறவர், தலை குனிகிறவர், கையில் கறுப்புத் துணி கட்டுகிறவர், மண்டியிடுகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் அணியிலிருந்து அதற்காக நீக்கப்பட மாட்டார். எதற்காக அப்படிச் செய்தார் என்பதை அவர் வாயால் கேட்போம். யாரையும் இப்படிச் செய் என்றும் சொல்ல மாட்டோம்; பதினைந்து வயதுப் பிள்ளையின் முதுகில் பெரியவர்களின் கோபத்தை ஏற்றுவது பாவம். 2021-ல் ஒலிம்பிக் அரையிறுதியில் தோற்றதற்காக ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டுமுன் சாதி சொல்லித் திட்டினார்களே, அப்படி ஒரு வாசல் எங்கள் பக்கத்தில் வந்தால் அந்த வாசலில் நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

இரண்டு அரசுகளிடமும் கேட்பதும் உண்டு. ஓடைக்கு அந்தப்பக்கம் படித்து இந்தப்பக்கம் குடியிருக்கும் பிள்ளை எந்த மாநிலத்துக்கு ஓடுவது என்று தீர்ப்பதற்குள் வயதுப் பிரிவு தாண்டிவிடுகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு தாள் போதும் என்று ஆக்குங்கள். ஓட ஒரு மண் ட்ராக் கொடுங்கள், சிந்தெடிக் பிறகு வரட்டும். போட்டி நாளில் முதல் பஸ் நேரத்துக்கு வரட்டும்.

இந்தப் பிரகடனத்தை வரும் ஞாயிறு காலை பள்ளத்தின் கரையில் மூன்று பேச்சிலும் வாசிப்போம். ஊர்த் தலைவர்களான மூப்பன்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தொடங்கும்போது கீதம் பாடுவோம். முன்வரிசையில் அந்தப் பெண் நிற்பாள், எப்படி நிற்க வருகிறதோ அப்படி. இயக்கத்தின் நோட்டில் முதல் செலவு இன்றைக்கே எழுதியாகிவிட்டது: ஸ்பைக்ஸ் ஒரு ஜோடி, அளவு 4.