மணி மேல் விழுந்த பழி

சேலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. கொல்லையில் நாலைந்து கோழி வளர்க்க ஆசை. ஆனால் பக்கத்து வீட்டு மாமி, 'நாய் இருக்கிற வீட்டில் கோழி தங்காது' என்கிறார். நிஜந்தானா?" என்று கேட்கிறார்.

ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அந்த மாமி சொன்ன அதே வாக்கியத்தை நம்பி, நான் ஒரு வாயில்லா ஜீவனுக்குச் செய்த அநியாயம் இன்னும் மனசில் முள்ளாக உறுத்திக் கொண்டிருக்கிறது. ஆகையால், சகோதரி, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2020-ல் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டோடு கிடந்தோமே, அப்போது பிடித்தது எங்களுக்கு இந்தக் கோழிப் பைத்தியம். தாம்பரத்துக்கு அப்பால் எங்கள் வீடு. பின்புறம் ஒரு வேப்பமரம், இரண்டு தென்னை, மதிலை ஒட்டி ஒரு பப்பாளி. செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐந்து நாட்டுக்கோழிப் பெட்டைகளும் ஒரு சேவலும் வந்து சேர்ந்தன. முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை, பெட்டை தானாகவே இடும் என்று படித்த படிப்பெல்லாம் சொன்னது. "சேவல் இல்லாத கொல்லை என்ன கொல்லை?" என்று என் வீட்டுக்காரர் ஒரே பிடிவாதம். விடியற்காலை நாலு மணிக்கு அது கூவ ஆரம்பித்ததும் எதிர் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் தனியாக எழுத வேண்டும்.

தச்சர் ஒருவர் கூண்டு செய்து கொடுத்தார். சுற்றிலும் கம்பி வலை, மேலே தகரம், உள்ளே உட்காருவதற்கு ஒரு கட்டை. பார்க்கப் பொம்மை வீடு மாதிரி! அழகைப் பார்த்தேனே தவிர, தகரத்துக்கும் வலைக்கும் நடுவே முக்கால் சாண் இடைவெளி இருந்ததை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. "காத்தோட்டம் வேணாமாம்மா?" என்றார் தச்சர். வேண்டியதுதானே!

மணி அதற்கு முன்பே எங்கள் வீட்டில் இருந்தான். சாதாரணத் தெரு நாய்தான். மழையில் நனைந்து குட்டியாக வந்தவன், ஒரு காது மடங்கியே இருக்கும். இரவில் முன் தாழ்வாரத்தில் படுப்பான். கோழிகள் வந்த நாளிலிருந்து வேலியோரம் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக் கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான், சந்தேகத்துக்கு வித்துப் போட்டாகிவிட்டது.

ஒரு நாள் காலை கூண்டைத் திறக்கப் போனேன். ஒரு பெட்டையைக் காணோம். மதிலோரம் சிறகும் இரத்தமும். முன்புறம் வந்து பார்த்தால், மணியின் கோணிச் சாக்கின் மேல் ஒரு கொத்து இறகு. அவன் மூக்கிலும் ஒன்று ஒட்டிக் கொண்டிருந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? "மணி!" என்று என் வீட்டுக்காரர் போட்ட அதட்டலில் அவன் காதைச் சாய்த்துக் கொண்டு, வாலைக் காலுக்குள் இடுக்கி, தரையோடு தரையாக ஒடுங்கினான். "பார், முழியே சொல்கிறதே!" என்றார் இவர்.

முழி என்ன சொல்லும்? நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற பெண்மணி இதைச் சோதித்துப் பார்த்து 2009-ல் எழுதியிருக்கிறார். தொடாதே என்று சொல்லி வைத்த தின்பண்டத்தைத் தின்ற நாயும், தின்னாத நாயும், எஜமானர் அதட்டினால் ஒரே மாதிரிதான் குற்றவாளி முகம் காட்டினவாம். போதாக்குறைக்கு, ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகமாகக் குறுகினவாம்! நம் குரலுக்குப் பயந்து குறுகுகிறதே ஒழிய, குற்றத்தை ஒப்புக்கொண்டு அல்ல. இதை நான் படித்தது ரொம்பப் பிற்பாடு.

அன்றே மணிக்குச் சங்கிலி போட்டோம். மறு ஞாயிற்றுக்கிழமை, இவருடைய சிநேகிதர் தோப்பில் கொண்டு போய் விட்டுவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. சின்னவன் இரண்டு வேளை சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தான். "அம்மா, நீ பார்த்தியா? மணி கடிச்சதை நீ கண்ணால பார்த்தியா?" என்று கேட்டான். ஏழு வயசுப் பையன்! பத்து வருஷமாகப் பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து, "நேரில் பார்த்தவர் யார்?" என்று நிருபர்களைக் குடைந்தெடுக்கிற எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும். மணி சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தான், குரைத்தான், அப்படிக் குரைத்தான். தூக்கம் கெட்ட கோபத்தில் ஜன்னலைத் திறந்து, "சும்மா கிடக்கிறாயா இல்லையா?" என்று கத்திவிட்டு வந்து படுத்தேன். கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கிப் போனான்.

காலையில் கூண்டுக்குள் இரண்டு கோழிகள் செத்துக் கிடந்தன. இரண்டுக்கும் கழுத்தில் கடி. ஒன்று பாதி தின்றபடி, மற்றது அப்படியே. கதவின் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. முதல் நாளும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவசரத்தில் பழக்க தோஷமாக நானேதான் திறந்திருக்கிறேன்!

அன்று மத்தியானம் புதுக்கோட்டையிலிருந்து என் மாமியார் வந்தார். பெட்டியைக் கூட உள்ளே வைக்கவில்லை, நேரே கொல்லைக்குப் போனார். கூண்டை ஒரு சுற்று சுற்றினார். மேலே இருந்த அந்த முக்கால் சாண் சந்தில் கையை விட்டுப் பார்த்தார். மதில் மேல் ஏதோ காய்ந்து கிடந்ததைக் குச்சியால் கிளறினார். உள்ளே முழுசு முழுசாகப் பழக்கொட்டைகள்.

"இது நாயிதாம்மா" என்றார்.

"நான் சொல்லவில்லையா அத்தை!" என்றேன்.

"ஆனா ஒங்க மணி இல்ல. மரநாயி. பழந்தான் அதுக்குச் சாப்பாடு. கோழி கெடச்சா விடுமா? ஏம்மா, நம்ம மணி என்ன பாம்பா, இந்தச் சந்துக்குள்ள நொழைய?"

பெயரில்தான் நாய். பூனையைவிடச் சற்று நீண்ட உடம்பும், அதே நீளத்துக்கு வாலும், முகமூடி போட்டாற்போல் முகமுமாக, இரவில் மட்டும் நடமாடும் பிராணி இது. தென்னை மண்டையிலும் பழைய ஓட்டு வீட்டுப் பரணிலும் பகலெல்லாம் தூங்கும். பனங்கள்ளுக் கலயத்தில் வாய் வைக்கிற ரசிகத்தன்மையும் உண்டு! பெருநகரத்து வீடுகளின் நடுவிலேயே குடித்தனம் நடத்துகிறது. நாம் தூங்குவதால் நமக்குத் தெரிவதில்லை. முதல் நாள் அது மதிலோரம் போட்டுவிட்டுப் போன மிச்சத்தைத்தான் மணி முகர்ந்திருக்கிறான். மூன்றாம் நாள் இரவு சங்கிலியில் நின்றபடி எங்களைக் கூப்பிட்டிருக்கிறான்.

கீரிப்பிள்ளையின் வாயில் இரத்தத்தைப் பார்த்துக் குடத்தைப் போட்டு உடைத்த பிராமணத்தியின் கதையைச் சின்னவனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நல்ல வேளை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரை தவணை இருந்தது. சங்கிலியை அவிழ்த்தபோது மணி என் கையை நக்கினான். அவன் ஏதாவது கோபித்துக் கொண்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

"விஷம் வைத்த கறியைப் போடுங்கள்" என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டவே வேண்டாம். அதைத் தின்று பூனை சாகும், காக்கை சாகும், நம் நாயும் சாகும். மரநாய், கீரி, சாரைப்பாம்பு எல்லாமே 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை; கொல்வதும் பிடித்து அடைப்பதும் குற்றம். மாற்ற வேண்டியது கூண்டைத்தான்.

மாற்றினோம். தகரத்துக்குக் கீழே இருந்த சந்து முழுவதும் அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலை. காற்றுக்குக் காற்றும் ஆயிற்று. 'கோழி வலை' என்று கடையில் கொடுக்கிற அறுகோண வலை இருக்கிறதே, அது கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். வெளியே இருப்பவனைத் தடுக்காது. ஒரு முரட்டு நாய் பிய்த்துவிடும். எலியும் குட்டிப் பாம்பும் கண் வழியாகவே நுழைந்துவிடும். கூண்டுக்கு இரண்டரை அடி உயரத்தில் கால் வைத்தோம். தரையோடு கூண்டு வைத்திருப்பவர்கள் சுற்றிலும் ஓர் அடி ஆழத்துக்கு வலையைப் புதைக்க வேண்டும். பெருச்சாளி தோண்டினால் நிற்காது. கதவில் கொக்கி போதாது. தாழ்ப்பாள், அதில் ஒரு பூட்டு.

இன்னொன்று. இரவில் கூண்டுக்குள் தீனி வைக்காதீர்கள். தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். முட்டையையும் அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அதனால்தான் பொழுது சாயும்போது தானாகவே வந்து அடைகிறது. அடைந்தபின் வருகிறவனிடம் அதற்கு ஓடத் தெரியாது. அந்தி வேளையில் எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துவதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும். சினிமாவுக்குப் போகிற அன்றைக்கும் வேண்டும்! ஆள் இல்லையென்றால் கோழி வளர்க்கும் ஆசையை ஒத்திப் போடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சரி, மணி பரம சாதுதானா? அதுவும் இல்லை. அதை மறைத்தால் சேலத்துச் சகோதரிக்கு நான் துரோகம் செய்தவளாவேன்.

மீந்த இரண்டு பெட்டைகளில் ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. பதினோரு முட்டை வைத்தோம்; 21 நாளில் ஒன்பது குஞ்சுகள். மூன்றாம் நாள், பஞ்சாரத்திலிருந்து தப்பிய ஒரு குஞ்சு கீச்சென்று ஓட, மணி ஒரே தாவலில் காலால் அமுக்கிவிட்டான். விளையாட்டுத்தான். ஆனால் குஞ்சு போய்விட்டது. இந்தத் தடவை நேரில் பார்த்தவள் நானே!

ஓடுகிற பொருளைத் துரத்துவது நாயின் இரத்தத்தில் இருக்கிறது. முயல் வேட்டைக்கென்றே பழகி வந்த சிப்பிப்பாறை, கன்னி ஜாதி நாய்களுக்கு அது இன்னும் அதிகம். அவற்றோடு கோழியை அவிழ்த்து விட நான் துணிய மாட்டேன். மணி போன்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கோழிகளை வலைக்குள் விட்டு, அவனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பதினைந்து அடி தள்ளித் தினம் கால் மணி நேரம் உட்கார்ந்தேன். கோழி சிறகடித்தால் அவன் காது விறைக்கும், பார்வை குத்திட்டு நிற்கும். குத்திடுவதற்கு முன்பே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் பிஸ்கட்டில் ஒரு துண்டு. நாளுக்கு நாள் ஓரடி கிட்டே. பாய்ந்த பிறகு அடித்துப் பயனில்லை. காலையில் செய்ததற்கு மாலையில் அடித்தாலோ, அடிப்பவரைக் கண்டு பயப்படத்தான் கற்றுக் கொள்ளும். எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. இன்றைக்கும் குஞ்சுகளையும் மணியையும் தனியாக விட்டுவிட்டு நான் உள்ளே போவதில்லை.

ஆனால் பகலில் அவனால் ஆகிற உபகாரம் கொஞ்சமல்ல. மணி கொல்லையில் படுத்திருக்கும் வரை கீரி வேலிக்குள் தலை நீட்டுவதில்லை. சேவலுக்கு இரண்டு விதமான அபாயக் குரல் உண்டு, தெரியுமோ? பூனை, நாய் வந்தால் 'கொக் கொக் கொக்கொக்' என்று ஊரைக் கூட்டும். மேலே பருந்து வட்டமிட்டால் மெல்லிசாக, இழுத்தாற்போல் ஒரே ஒரு சத்தம். உடனே தாய்க்கோழி சிறகை விரிக்கும், குஞ்சுகள் உள்ளே. ஒரு குஞ்சைப் பருந்துக்குக் கொடுத்த பிறகுதான் எனக்கு அந்தக் குரல் பிடிபட்டது. மணி எனக்கு முன்பே கற்றுக்கொண்டான். சேவல் இழுத்ததும் எழுந்து நின்று வானத்தைப் பார்த்துக் குரைக்கிறான். அவன் இல்லாதபோது, இரண்டு மாதம் ஆகும் வரை குஞ்சுகள் பஞ்சாரத்துக்குள்தான்.

நோய் விஷயம் தனிக்கதை. வெள்ளைக் கழிச்சல் வந்தால் நாயும் பூட்டும் காப்பாற்றாது. கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டு, குஞ்சுப் பருவத்திலேயே தடுப்பு மருந்து போட்டுவிடுங்கள்.

பிழைத்த குஞ்சுகள் ஏழு. சின்னவன் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டபடியால் குழம்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லுங்கள் சகோதரி, எங்கள் வீட்டில் தங்கியிருக்கின்றன. நேற்று இருட்டும் வேளையில் சிவப்புப் பெட்டையை மட்டும் காணோம் என்று நான் தேடினால், வேப்பமரத்தடியில் மணி படுத்திருக்கிறான், அவன் முதுகோடு ஒட்டிக் கொண்டு அது! தூக்கிக் கூண்டில் விட்டுப் பூட்டினேன்.

மரநாயும் எங்கும் போய்விடவில்லை. இரவில் மதில் மேல் நடப்பது சில நாள் கேட்கிறது. மணி எழுந்து குரைக்கிறான். இப்போதெல்லாம் நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறேன். வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னும். பிறகு பப்பாளி மரம் அசையும். பழத்தில் பாதி அதற்குப் போகிறது.