அம்மாவின் பெயர் கலா



இம்மாதம் ஒரு பாடகியைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய பாட்டு உங்களில் பலருக்குப் பிடிக்காமல் போகலாம். மின்கருவிகளின் தாளமும் வேகமான ஆங்கிலமுமாக, முதலில் கேட்டபோது எனக்கும் இரைச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு தையற்காரி இருக்கிறார்.

பாடகியின் பெயர் மாதங்கி அருட்பிரகாசம். மாயா என்பார்கள். மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. போர்க்களத்தில் காணாமற்போனவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. அந்த மூன்று எழுத்துக்களின் பாரத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1975 இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். தகப்பன் அருளர், ஈரோஸ் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். வீட்டுக்கு வருவது அபூர்வம். வந்தாலும் பிள்ளைகளுக்கு அவரை 'மாமா' என்றே காட்டினார்கள். தாய் கலா மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணம், சென்னை, மீண்டும் யாழ்ப்பாணம் என்று அலைந்து, 1986 இல் லண்டனுக்கு அகதியாகப் போனார். அங்கே அவருக்குச் சோறு போட்டது ஊசியும் நூலும்தான்.

மாயா படித்தது ஓவியமும் திரைப்படமும். சங்கீதம் படிக்கவில்லை. இரவல் வாங்கிய சிறிய ரோலண்ட் தாளக்கருவி ஒன்றில் தானாகவே பாட்டுக் கட்டினார். 2005 இல் வந்த முதல் இசைத்தொகுப்புக்குத் தகப்பனின் இயக்கப் பெயரான 'அருளர்' என்று பெயர் வைத்தார். அதன் அட்டையில் புலியும் தாங்கியும் துப்பாக்கியும் உண்டு. லண்டனில் அது நவநாகரிகமாகத் தெரிந்திருக்கும். பிள்ளையை இயக்கத்துக்குப் பறிகொடுத்த நம் பகுதித் தாய்மாருக்கு அந்தப் படங்கள் வேறு. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

2007 இல் இரண்டாவது தொகுப்பு வந்தது. அதன் பெயர் 'கலா'. அமெரிக்க விசா கிடைப்பதில் சிக்கல் ஏற்பட்டதால் இந்தியா, திரினிடாட், ஜமேக்கா, அவுஸ்திரேலியா என்று போன இடங்களில் ஒலிப்பதிவு செய்தார். சென்னையில் உருமி மேளக்காரரை வைத்துப் பதிந்தார். (நம் ஊர்களில் மேளம் அடிப்பவரை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதையும் ஒருதரம் யோசியுங்கள்.) 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டில் துப்பாக்கிச் சத்தமும் காசுப் பெட்டி திறக்கும் சத்தமும் தாளமாகவே வரும். குடியேறி வந்தவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களுக்கான நையாண்டி அது. அந்தப் பாட்டு கிரமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2009 பெப்ரவரியில், பிரசவத்துக்குக் குறித்த அதே நாளில், நிறைமாத வயிற்றோடு கிரமி மேடையில் நின்று பாடினார்.

எனக்குப் பெரிதாகப்பட்டது இதற்குப் பிறகு நடந்தது. 2019 இல் பிரித்தானிய அரச விருதுப் பட்டியலில் மாயாவின் பெயர் வந்தது. தன் அம்மாவைக் கௌரவிக்கவே அதை ஏற்பதாகச் சொன்னார். பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்து வேலைக்குப் போன கலா, அரச பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுப்பவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருந்தார். ஆயிரக்கணக்கான பதக்கங்கள். 2020 ஜனவரியில் பக்கிங்ஹாம் மாளிகையில் இளவரசர் வில்லியமின் கையால் மகள் அதைப் பெற்றுக்கொண்டார்.

களுதாவளையில் எங்கள் தையல் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லோரும் மகளைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். பின்வரிசையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமலே கேட்டார்: "அது சரி மிஸ், அந்த அம்மாக்கு ஒரு பதக்கத்துக்கு எவ்வளவு குடுத்திருப்பாங்க?"

சிரிப்பு எழுந்தது. பிறகு எல்லோரும் தங்கள் கணக்கை எடுத்தார்கள். பாடசாலைச் சீருடை ஒன்றுக்கு முதலாளி தரும் கூலி, அதில் நூல், பொத்தான், மின்சாரக் கட்டணம், துணி எடுக்கப் போய்வரும் பஸ் காசு. கரும்பலகையில் எழுதிக் கழித்துப் பார்த்தோம். மிஞ்சிய தொகையைப் பார்த்து அந்த அக்கா, "இந்த விலைக்கு இனித் தைக்க ஏலாது கா" என்றார். அடுத்த புதன்கிழமை ஏழு பேர் சேர்ந்து முதலாளியிடம் போகிறார்கள். கணக்கை ஒரு கொப்பியில் எழுதி எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.