ஆயிரத்து நானூறு ரூபாய் அலங்காரம்

வண்டிக்கு அலங்காரம் பண்றதுன்னா எங்க ஊர்ப் பெரியவங்களுக்கு வெட்டிச் செலவு. பக்கத்து வீட்டுத் தம்பி தன்னோட பழைய அவெஞ்சர் 220 வண்டியைத் தானே தேய்ச்சு, தானே பெயிண்ட் அடிச்சான். மொத்தம் 1,400 ரூபாய் ஆச்சு. "அந்தக் காசுக்கு அஞ்சு மூட்டை யூரியா வாங்கியிருக்கலாமே" என்றார் அவன் பெரியப்பா. கணக்கு சரிதான், 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஆனாலும் நான் தம்பி பக்கம்தான்.

அவெஞ்சர் கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். கவாசாகியோட சேர்ந்து எலிமினேட்டர்னு ஒரு வண்டி விட்ட பஜாஜ், அதை வச்சு 2005ல அவெஞ்சரைக் கொண்டு வந்தது. 2015ல அதே 220 சிசி இன்ஜினை ரெண்டு வேஷத்துல இறக்கினாங்க. பளபளன்னு குரோம், ஸ்போக்ஸ் வீல் போட்டா 'க்ரூஸ்'. கறுப்பு அடிச்சு, அலாய் வீலும் தாழ்வான ஹேண்டில்பாரும் போட்டா 'ஸ்ட்ரீட்'. உள்ளே இருந்த இன்ஜின் ஒண்ணுதான். கம்பெனியே இப்படித்தான் பண்ணுதுன்னா, நம்ம பையன் பண்ணினா மட்டும் ஏன் வெட்டி வேலை?

எங்க பக்கத்துல இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. சீர்காழியிலேர்ந்து கிழக்கே பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் போனா கடல். உப்புக் காத்து. குரோம் துருப்பிடிக்காதுன்னு நினைப்போம். குரோம் பூச்சுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு. அது வழியா ஈரம் இறங்கி, அடியில இருக்கிற இரும்பு துருப்பிடிக்கும். 2022 நவம்பர் 12 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல சீர்காழியில 44 சென்டிமீட்டர் மழை பெஞ்சது. அப்போ தண்ணியில நின்ன வண்டியெல்லாம் அடியில என்ன கதியாச்சுன்னு எங்க மெக்கானிக்குகளைக் கேட்டா தெரியும். இங்க பெயிண்ட் அடிக்கிறது வண்டியோட ஆயுசைக் கூட்டுற வேலை.

தம்பி செஞ்சது ரொம்ப எளிசு. ஓட்டல் பார்சல் கட்டுற அலுமினியம் தாளைக் கசக்கி, தண்ணியில நனைச்சு, குரோம் மேல இருந்த துருவைத் தேய்ச்சான். அலுமினியம் குரோமைவிட மெத்துனு இருக்கும், அதனால கீறல் விழாது. துடைச்சுக் காய வச்சு, மேல லேசா வேக்ஸ் தடவினான். சைடு பேனலையும் மட்கார்டையும் கழட்டி 400 நம்பர் உப்புத்தாள்ல தண்ணி விட்டுத் தேய்ச்சு, பிரைமர், அப்புறம் மேட் பிளாக் ஸ்ப்ரே. ஒரேயடியா அடிச்சா வழியும். மெல்லிசா மூணு கோட், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பத்து நிமிஷம். சைலன்சருக்குச் சூடு தாங்குற பெயிண்ட். ஸ்ப்ரே 500, பிரைமர் 250, சூட்டு பெயிண்ட் 350, உப்புத்தாள், டேப்பு, தாள் எல்லாம் 300. அவ்வளவுதான்.

செஞ்சது தை கடைசியில, சம்பா அறுப்பு முடிஞ்சு கை ஓய்ஞ்சப்போ. ஐப்பசி, கார்த்திகையில அடிச்சிருந்தா காத்துல இருக்கிற ஈரத்துக்குப் பெயிண்ட் வெள்ளை பூத்திருக்கும். தையிலயும் காலைப் பனி போன பிறகு பத்து மணிக்கு மேலதான் ஆரம்பிக்கணும்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல வர்ணம் பூசுறோமே, அதை யாரும் வெட்டிச் செலவுன்னு சொல்றதில்லை. அன்னைக்குத்தான் மாட்டைக் குளிப்பாட்டி, குளம்பு, கண்ணு, மூக்கணாங்கயித்துப் புண்ணு எல்லாத்தையும் நிதானமாப் பார்ப்போம். தம்பியும் அப்படித்தான். ஹேண்டில்பாரைத் துடைக்கும்போதுதான் கிளட்ச் கேபிள்ல பாதிக் கம்பி அறுந்து கிடந்ததைக் கண்டுபிடிச்சான். காசு கொடுத்து யாரோ பண்ணியிருந்தா அது அவன் கண்ணுல பட்டிருக்குமா?

ஆனா எல்லா அலங்காரத்துக்கும் நான் கொடி பிடிக்கலை. சத்தம் போடுற சைலன்சர் மாட்டுறது தப்பு. தெருவுல கைக்குழந்தை தூங்குது, முடியாத கிழவங்க இருக்காங்க. சட்டத்துலயும் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் உண்டு. அழகுக்காகக் கண்ணாடியைக் கழட்டுறது, இண்டிகேட்டரை எடுக்கிறது, நம்பர் பிளேட்டை மடக்குறது எல்லாம் உயிரோட விளையாட்டு. ராத்திரி நெல்லு லோடு ஏத்தின டிராக்டர் எதிர்ல வர்ற ரோடு இது. வண்டியோட நிறத்தையே மாத்தணும்னா ஆர்சி புத்தகத்துல நிறம் எழுதியிருக்குங்கிறதை மறக்காம, ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி மாத்திக்கணும். தம்பியோடது முதல்லேர்ந்தே கறுப்பு, அதனால பிரச்சனை இல்லை.

இன்னொண்ணு, தவணையில 20,000 ரூபாய்க்குக் கிட் வாங்கி மாட்டுறது. அறுப்புக் காசு வர்றதுக்கு முன்னாடியே செலவாகிப் போற கதை அது. அதைப் பெரியப்பா திட்டினா நானும் கூட நின்னு திட்டுவேன்.

டவுன்ல இருக்கிற நீங்களும் பழைய வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுறதுக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை அது பக்கத்துல உக்காந்து தேய்ச்சுப் பாருங்க. இன்னும் நாலு வருஷம் ஓட்டலாம்னு தோணலாம். பழைய வண்டியைத் தள்ளிட்டுப் புதுசுக்கு லோன் போடுறதைவிட அது மேல் இல்லையா?