வெட்டுப்புள்ளியும் நியமப்புள்ளியும்: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு பிள்ளை பெற்ற புள்ளியை மட்டும் அறிவித்து, அவ்வாண்டு தோற்றிய அனைவரினதும் இடையையும் நியம விலகலையும் அறிவிக்காமல் விடுவது பெற்றோருக்கு அரைத் தகவலையே தருகிறது என்பதும், அவ்விரு எண்களையும் பரீட்சைத் திணைக்களம் பெறுபேற்றுடன் சேர்த்தே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதும், வத்தேகம கல்வி வலயத்தைச் சேர்ந்த தமிழ்மொழிமூலப் பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய இவ்வமைப்பின் நிலைப்பாடாகும்.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில் உருவான இலவசக் கல்வித் திட்டத்திலும் மத்திய பாடசாலைகளிலும் வேர்கொண்ட இப்பரீட்சை, வறிய பிள்ளைக்கு உதவிப்பணம் வழங்குவது, திறமையுள்ள பிள்ளைக்கு வசதியுள்ள பாடசாலையில் இடம் தருவது என்னும் இரு வேலைகளை இன்று ஒன்றாகச் செய்கிறது. உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது. பாடசாலை அனுமதிக்கான வெட்டுப்புள்ளியோ அந்தப் பாடசாலையில் அந்த மொழிமூலத்தில் உள்ள இடங்களையும் அவற்றுக்கு விண்ணப்பித்தோரின் தொகையையும் பொறுத்து ஏறி இறங்குகிறது. ஆகவே மடுல்கலைத் தோட்டத்துப் பிள்ளை கண்டி நகரப் பாடசாலை ஒன்றின் வெட்டுப்புள்ளியை இரண்டு புள்ளியால் தவறவிட்டால், அதிலிருந்து தெரியவருவது அப்பாடசாலையின் இடப் பற்றாக்குறையே; பிள்ளையின் கற்கும் ஆற்றலைப் பற்றி அந்த இரண்டு புள்ளி எதையும் சொல்வதில்லை.

நியமப்புள்ளி என்பது, ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து எல்லோருடைய இடையைக் கழித்து, மீதியை நியம விலகலால் வகுத்துப் பெறும் எண்ணாகும். நியம விலகல் என்பது புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவு. எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டில் அக்கா 200க்கு 135 எடுத்த ஆண்டில் இடை 110, நியம விலகல் 25 எனவும், தம்பி 129 எடுத்த ஆண்டில் இடை 96, நியம விலகல் 22 எனவும் கொண்டால், அக்காவின் நியமப்புள்ளி 1.0 ஆகவும் தம்பியின் நியமப்புள்ளி 1.5 ஆகவும் அமையும். ஆறு புள்ளி குறைவாக எடுத்ததற்காகத் தம்பி வீட்டில் ஏச்சு வாங்கக்கூடும். ஆனால் தன்னோடு பரீட்சை எழுதியவர்களிடையே அவன் நிற்கும் இடம் அக்கா நின்ற இடத்தைவிட உயர்ந்தது.

ஓர் ஆண்டின் புள்ளியை மற்றோர் ஆண்டின் புள்ளியோடு நேரடியாக ஒப்பிடுவது எவ்வளவு பிழையானது என்பதை 2024ஆம் ஆண்டுப் பரீட்சை காட்டியது. முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியதை அடுத்து, அவற்றுக்கு எல்லோருக்கும் முழுப்புள்ளி வழங்குமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வினாக்களுக்குச் சரியாக விடையளித்த பிள்ளைக்கு இதனால் எதுவும் கூடவில்லை, பிழையாக எழுதிய பிள்ளைக்குக் கூடியது; இதனால் இடை உயர்ந்த அந்த ஆண்டின் புள்ளியை வேறோர் ஆண்டின் வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

நியமப்புள்ளி கணிப்பதும் ஒருவகைத் தரப்படுத்தலே; ஆனால் "தரப்படுத்தல்" என்ற சொல்லை இலங்கைத் தமிழர் ஐயத்தோடு கேட்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1970களின் முற்பகுதியில் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகள் மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறாகத் தரப்படுத்தப்பட்டபோது, ஒரே தகைமையுடைய மாணவர் வெவ்வேறு கணக்குக்கு உட்பட்டனர். 2001 முதல் உயர்தரப் பரீட்சைக்குக் கையாளப்படும் இசட் புள்ளி என்னும் நியமப்புள்ளி, கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒரே அளவுகோலில் கொண்டுவரும் நோக்குடையது. ஆயினும் பழைய, புதிய பாடத்திட்டங்களின் மாணவர்களை ஒன்றாகக் கலந்து 2011ஆம் ஆண்டுப் பரீட்சைக்குக் கணித்தபோது, இரு தொகுதியினருக்கும் தனித்தனியே கணிக்குமாறு 2012இல் உயர் நீதிமன்றம் பணிக்க நேர்ந்தது. சூத்திரம் ஒன்றாயினும், யாரை யாரோடு சேர்த்துக் கணிப்பது என்ற முடிவிலேயே நீதியும் அநீதியும் தீர்மானமாகின்றன என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன. ஒரே வினாத்தாளை எழுதியோரை ஒரே தொகுதியாகவும், வெவ்வேறு வினாத்தாள்களை எழுதியோரை வெவ்வேறு தொகுதிகளாகவும் கொள்வதே முறையென இவ்வமைப்பு கருதுகிறது.

வயதும் கவனிக்கத்தக்கது. ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதிப்படி தரம் 1இல் சேரும் பிள்ளைகளுள் மூத்தவருக்கும் இளையவருக்கும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி இருக்கலாம். பத்து வயதளவில் அது சிறிய வேறுபாடன்று. இங்கிலாந்தின் தெரிவுப் பாடசாலைகளுக்கான பதினோரு வயதுப் பரீட்சைகள் பலவற்றில் வயதுக்கேற்ப நியமப்புள்ளி சீராக்கப்படுகிறது. இங்கும் பிறந்த மாதவாரியான பெறுபேறுகளை வெளியிட்டு, அத்தகைய சீராக்கம் தேவைதானா என்பதை ஆராய வேண்டும்.

எனினும், நியமப்புள்ளி ஒரு பிள்ளை நிற்கும் இடத்தைக் காட்டுமே அன்றி, அந்த இடத்தில் அப்பிள்ளை நிற்பதற்கான காரணத்தைக் காட்டாது. ஆசிரியர் இல்லாத வகுப்பறையையும், லயன் அறையில் படிக்க மேசையில்லாத பிள்ளையின் மாலைப் பொழுதையும் எந்தச் சூத்திரமும் ஈடுசெய்யாது; அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பு மாகாணக் கல்வித் திணைக்களத்தையும் வலயக் கல்விப் பணிமனையையும் சார்ந்தது.

ஆகவே, இடையையும் நியம விலகலையும் மொழிமூலவாரியாகவும் மாவட்டவாரியாகவும் பெறுபேற்றோடு வெளியிடுமாறு பரீட்சைத் திணைக்களத்தையும், வெட்டுப்புள்ளியுடன் இடங்களின் எண்ணிக்கையையும் அறிவிக்குமாறு கல்வி அமைச்சையும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது. பெறுபேறு வெளியாகும் நாளில் அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியை விசாரிக்கும் முன், தம் பிள்ளை எந்தப் பாடத்தில் தடுமாறியது என்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டறியுமாறு பெற்றோரையும் அது வேண்டுகிறது.