1995இல் கொடுத்த வாக்கு

மேற்கு ஆசியாவை அணு ஆயுதமற்ற மண்டலமாக்க வேண்டும் என்று 1974இல் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் கொண்டுவந்த நாடு ஈரான். துணை நின்றது எகிப்து. இன்றைய தலைமுறைக்கு இது வியப்பாக இருக்கலாம்.

1995இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீட்டிக்க அரபு நாடுகள் இசைந்தன. அதற்கு ஈடாக, இந்த மண்டலத்துக்கான தீர்மானத்தை அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும் முன்மொழிந்தன. நீட்டிப்பு அன்றே கிடைத்துவிட்டது. மண்டலம் இன்றுவரை வரவில்லை. இந்த மண்டலம் குறித்து ஹெல்சிங்கியில் 2012இல் நடக்கவேண்டிய மாநாட்டுக்காக ஃபின்லாந்து ராஜதந்திரி யாக்கோ லாயாவா எல்லாத் தரப்புகளோடும் பேசிப் பார்த்தார். சூழல் சரியில்லை என்று அமெரிக்கா கைவிரித்தது. 2019 முதல் இதே நோக்கத்துக்காக ஐ.நா.வில் கூடும் மாநாட்டிலும் இஸ்ரேலும் அமெரிக்காவும் பங்கேற்கவில்லை.

முதலில் அமைதி, பிறகுதான் ஆயுதப் பேச்சு என்கிறது இஸ்ரேல். இதை என்னால் ஏற்க முடியவில்லை. லத்தீன் அமெரிக்க நாடுகள் தங்கள் பகுதியை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கும் ட்லாடெலோல்கோ ஒப்பந்தத்தை 1967இலேயே எழுதிவிட்டன. ஒன்றையொன்று சந்தேகித்த பிரேசிலும் அர்ஜென்டினாவும் 1991இல் பரஸ்பர ஆய்வுக்கு அமைப்பு கண்டன. 1994இல் அந்த ஒப்பந்தத்துக்குள் முழுமையாக வந்தன. ஒருவரின் அணு உலையை மற்றவர் திறந்து பார்த்த பிறகே அங்கே நம்பிக்கை உறுதிப்பட்டது. 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள்மீது விழுந்த குண்டுகளால் அந்த நம்பிக்கையைத் தர முடியாது. இஸ்ரேல் மாநாட்டுக்கு வரவேண்டும். அதை வரவைக்கும் கடமை, 1995இல் வாக்குக் கொடுத்த அமெரிக்காவுடையது.