ஆட்டுக்குத் தழை வெட்டப் போனால் குழந்தையை யார் பார்ப்பது?

கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகையில் தலித் மக்களே பெரும்பான்மையினர். ஊரை ஒட்டிய மேய்க்கால் புறம்போக்கை நம்பித்தான் அவர்களுடைய ஆடு மாடுகள் வளர்ந்தன. அதில் 1,100 ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எடுக்கப்பட்டது. 2009இல் மிச்செலின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்க அரசுடன் ஒப்பந்தம் செய்தது. மக்கள் போராடினார்கள், 2012இல் பிரான்ஸ் வரை புகாரைக் கொண்டுபோனார்கள். ஆலை வந்துவிட்டது.

போன ஏக்கர் கணக்கு ஆவணங்களில் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் போனால் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணின் தலையில் என்ன ஏறுகிறது என்ற கணக்கு அதிகம் பேசப்படவில்லை.

பொது மேய்ச்சல் நிலம் உள்ள ஊரில் பத்து வீட்டு ஆடுகளை ஒரு பெரியவர் ஓட்டிப் போய்விடுவார். பிள்ளை பெற்றவர் வீட்டில் இருக்கலாம். நிலம் இல்லையென்றால் ஆட்டைக் கட்டிப்போட்டுத்தான் வளர்க்க வேண்டும். தழையை வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். கொட்டகை கூட்ட வேண்டும். கறவை மாடும் இருந்தால் விடியலிலும் பிற்பகலிலும் பால் சொசைட்டிக்கு ஓட வேண்டும். குழந்தை அழுகிறது என்று சொசைட்டி காத்திருக்காது. வீட்டுக்காரர் ஒப்பந்த வேலைக்கு ஷிப்டில் போயிருப்பார். குழந்தை மரத்தடித் தூளியில் கிடக்கும். காவலுக்கு மூத்த பெண்பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடுவாள். அவளுடைய படிப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஏழைப் பெண்களுக்கு 4 ஆடுகள். அதில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 30 சதவீதம். நல்ல திட்டம்தான். ஆட்டைப் பராமரிக்க வீட்டில் ஆள் வேண்டும் என்றது விதி. அந்த ஆள் பாலூட்டும் தாயாக இருந்தால்? ஆட்டோடு மேய்ச்சல் நிலமும் வரவில்லை.

ஆலை வேலிக்கு உள்ளே சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. சட்டப்படி 26 வார மகப்பேறு சம்பள விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். ஒப்பந்தப் பெண்களுக்கு அது எட்டுகிறதா என்பது தனிக் கதை. வேலிக்கு வெளியே ஆடு வளர்ப்பவருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உண்டு, காப்பகம் இல்லை. அங்கன்வாடியில் பிள்ளையை விட 2 வயதாக வேண்டும்.

ஆறு மாதக் குழந்தை முதல் ஏற்கும் காப்பகத்தை அங்கன்வாடியிலேயே நடத்த ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டத்தில் வழி இருக்கிறது. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த ஊர்களின் தலித் குடியிருப்புகளில் அதை முதலில் தொடங்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். பால் கறக்கும் நேரத்துக்குத் திறந்திருக்க வேண்டும். பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் பயனில்லை. மிஞ்சியிருக்கும் மேய்க்கால் புறம்போக்கை அளந்து, ஒரு பகுதியில் தீவனப்புல் போடலாம். அடுத்த கிராம சபையில் இந்த இரண்டையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். மனு எழுதத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறீர்கள்.